முட்டையாகிப்போன கடிகாரம்

தோல்னி ப்ரோத் ஊரில் பர்வான் யார் முகத்தையாவது கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும், அந்த ஆள் திருஷ்டி கழிய மூன்று தடவை துப்பிவிட்டு நகர்ந்துவிடுவார். "என்னை ஏண்டா அப்படிப் பார்க்கிறே? எனக்கு இன்னும் நாள் இருக்கு" என்று வாய்விட்டே சொல்பவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊரில் யார் செத்தாலும் படம் போட்ட அறிவிப்புத் தாளை அச்சடிப்பவன் அவன்தான். செத்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, பிறகு வருடா வருடம். வீட்டுக் கதவு, மின்கம்பம், பேருந்து நிறுத்தம் என்று எங்கே திரும்பினாலும் அவன் அச்சடித்த முகங்கள். இளசுகள் எல்லாம் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். தெருவில் நடமாடுகிறவர்களைவிட கம்பத்தில் ஒட்டியிருக்கிறவர்கள் அதிகமாகி வெகுநாளாயிற்று.

அச்சு வேலை இல்லாதபோது வீடு வீடாகப் போய்க் கணினி பழுது பார்ப்பான். அந்த வேலைக்கும் ஊரில் அவனை விட்டால் ஆள் கிடையாது.

முன்பு அவன் விதின் நகரத்துப் பம்புத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வரைபடம் போட்டவன். தொழிற்சாலையை மூடியபோது கூரைத் தகரத்தைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பர்வானுக்கு மிஞ்சியது அவனுடைய கண் மட்டும்தான். வட்டம் ஒரு மயிரிழை நசுங்கியிருந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். மனைவி இத்தாலிக்குக் கிழவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டாள். அவளைப் பற்றி யாராவது கேட்டால் அச்சு இயந்திரத்தின் மை தீர்ந்துபோனதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான்.

தபால்காரர் கோலியோ செத்தபோது நடந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. அவருடைய மருமகன் அவசரப்பட்டுப் பக்கத்து ஊரில் அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டான். அங்கே எவனோ படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் கட்டத்தை நிரப்பியிருக்கிறான். ஒல்லியான கோலியோ, பூசணிக்காய்த் தலையோடு கம்பத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். பர்வானுக்கு வந்ததே கோபம்! ஊர் முழுக்க நடந்து அத்தனை தாளையும் கிழித்தான், முகத்தைச் சரியாக்கிப் புதிதாக அச்சடித்துத் தன் கையாலேயே ஒட்டினான். "செத்தவன் வந்து சண்டைக்கு நிக்க மாட்டான்னு இஷ்டத்துக்கு இழுத்து வைப்பீங்களா?" என்று மருமகனைத் தெருவில் வைத்துக் கேட்டான்.

அவன் கோட்டுப் பையில் குடமிளகாய்த் தொக்கு ஜாடியின் தகர மூடி ஒன்று எப்போதும் கிடக்கும். கணினித் திரையைச் சரிபார்க்கும்போது அதில் ஒரு வட்டம் வரைவான், மூடியை வட்டத்தின்மேல் வைத்துப் பார்ப்பான். நாலு பக்கமும் பொருந்தினால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அந்த வீட்டைவிட்டு நகரமாட்டான்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை நைதா அவனைப் போனில் அழைத்தாள். எழுபத்தோரு வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் கரண்டி பிடித்தவள், புருஷனை ஆறு வருடத்துக்கு முன் பறிகொடுத்தவள். ஒரே பிள்ளை வென்கோ ஸ்பெயினில், சரகோசாவில், கட்டட வேலையில் இருந்தான். ஞாயிறுதோறும் பன்னிரண்டு மணிக்கு அம்மாவும் பிள்ளையும் கணினியில் முகம் பார்த்துப் பேசுவார்கள். நைதாவின் வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் கணக்கு, மற்றதெல்லாம் அதற்கான காத்திருப்பு.

"பர்வான், எங்க வீட்டுப் பொட்டிக்கு என்னமோ ஆயிடுச்சு. கடிகாரம் முட்டையா இருக்கு."

"எந்தக் கடிகாரம், அத்தை?"

"வென்கோ ரூம்ல அவன் தலைக்கு மேல தொங்குதே, அது. கண்ணு ஆபரேஷன் பண்ற வரைக்கும் எனக்கு அது வெறும் வெள்ளைத் திட்டு. இப்பத்தான் பளிச்சுனு தெரியுது. முட்டை!"

"முட்டை மாதிரியே ஒரு கடிகாரம் வாங்கியிருப்பான்."

"நானும் கேட்டேனே. வட்டந்தான்மா, கேமராக் கோளாறுன்னான். சொன்ன கையோட பேச்சை மாத்திட்டான். ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து சரி பண்ணிக் குடுடா. கண்ணு கிடைச்சு என்ன பிரயோஜனம், எம் புள்ளைய ஒழுங்காப் பார்க்க வேணாமா?"

அவன் போனபோது அவள் அடுப்பில் பானிட்சாப் பலகாரம் வெந்துகொண்டிருந்தது, பாலாடைக்கட்டி வாசனை வாசல்வரை வந்தது. உட்காருவதற்குள் தன் போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டுவதற்காக ஞாயிறுதோறும் கணினித் திரையை அதில் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம்.

"பாரு, எப்படி ஆயிட்டான்னு! இங்கிருந்து போனப்ப எலும்பும் தோலுமாப் போனான். இப்ப கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி இருக்கு. அந்த ஊரு சாப்பாடு ஒத்துக்கிச்சு."

பர்வான் ஒரு தடவை பார்த்தான், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். படத்தில் வென்கோவின் காதுகள் வெளியே விரிந்து கிடந்தன, கண்கள் பக்கவாட்டில் நீண்டிருந்தன. கொழுத்த முகத்துக்கு இப்படி ஆகாது. அவனுக்கு உள்ளுக்குள் என்னவோ சரியில்லை என்று பட்டது, ஆனால் அது தொழில் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டான்.

கணினியைப் பார்த்ததும் கோளாறு புரிந்தது. அகலமான புதுத் திரை. அதற்குப் பழைய சதுரத் திரையின் அளவைக் கொடுத்திருந்தார்கள். படம், எழுத்து எல்லாமே பக்கவாட்டில் இழுபட்டு நின்றன. திரையின் கீழ் மூலையில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது.

"இது எதுக்கு, அத்தை?"

"எம் முகம் அந்த மூலையில வருமாம். கிழவி மூஞ்சியப் பார்த்துக்கிட்டே பேசினா உனக்குக் கூச்சமா இருக்கும்னு வென்கோதான் ஒட்டிட்டுப் போனான். போன அக்டோபர்ல வந்தப்ப இந்தத் திரையும் அவன் வாங்கி வச்சதுதான்."

அவள் காப்பி போட உள்ளே போனாள். பர்வான் திரை அளவை மாற்றினான். ஒரு நிமிட வேலை. வட்டம் வரைந்து மூடியை வைத்துப் பார்த்தான், அச்சாகப் பொருந்தியது. எதற்கும் இருக்கட்டும் என்று கணினியை அணைத்துப் போட்டான். திரை மறுபடி அகண்டுவிட்டது. திரும்பச் சரி செய்தான், திரும்ப அணைத்துப் போட்டான். மறுபடியும் அதே கதை.

கணினிக்குத் தானாக இப்படிப் பிடிவாதம் வராது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். தொடங்கும்போதெல்லாம் தானாக ஓடுகிற கோப்புகளைத் தேடிப் போனான். அங்கே ஒரு சின்னக் கோப்பு இருந்தது, போன வருடம் அக்டோபர் இருபத்தாறாம் தேதி, புனித திமிதார் திருநாளன்று எழுதப்பட்டது. அளவை மாற்றும் கட்டளை ஒரே வரி. அதற்கு மேலே மனிதர்கள் படிப்பதற்காக நாலு வரி இருந்தது.

"பர்வான் அண்ணா, இந்த ஊரில் இதைத் திறக்கப்போவது நீங்கள் ஒருவர்தான். இதை எடுத்துவிடாதீர்கள். அம்மாவிடம் எதுவும் சொல்வதற்கு முன் எனக்குப் போன் செய்யுங்கள். வென்கோ."

கீழே ஒரு தொலைபேசி எண்.

மூலையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி எதற்கென்று பர்வானுக்கு இப்போது விளங்கியது: தன் முகமும் அகண்டு தெரிந்தால் நைதா கண்டுபிடித்துவிடுவாள். அந்தப் படத்தில் இருந்த முகத்தை மனதுக்குள் பக்கவாட்டில் ஒடுக்கிப் பார்த்தான். வேண்டாம் என்று நினைத்தாலும் அவன் கண் கேட்கவில்லை, பழகிய வேலை அது. காதுகள் உள்ளே வந்தன. பன்னு மாதிரி இருந்த கன்னம் குழிந்தது. இந்த மாதிரி முகங்களை அவன் நிறைய அச்சடித்திருக்கிறான்.

நைதா காப்பியோடு வந்து நின்றாள். "ஆச்சா?"

"இது... திரையிலேயே கோளாறு, அத்தை. ஒரு சாமான் மாத்தணும். இங்க கிடைக்காது."

"எத்தனை நாளாகும்?"

"ஆகும். மே மாசம், ஜூன்..."

"ஏண்டா, செத்தவன் மூஞ்சியெல்லாம் நேராக்கிக் கம்பத்துல ஒட்டுறே. உசிரோட இருக்கற எம் புள்ளையோட மூஞ்சியை உன்னால நேராக்க முடியலையா?"

அவன் காப்பியைச் சுடச்சுட விழுங்கிவிட்டுப் பையை அள்ளிக்கொண்டு ஓடாத குறையாக வெளியே வந்தான். மூடியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தது அவனுக்குத் தெரியாது.

கடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த எண்ணுக்கு அடித்தான். நாலாவது மணியில் எடுத்தான் வென்கோ. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பார்த்துட்டீங்களா, அண்ணா?"

"என்னடா இது?"

"வயித்துல புத்து. அப்பாவுக்கு வந்த அதே சனியன். அக்டோபர்ல ஊருக்கு வந்தப்பவே எனக்குத் தெரியும். அப்புறம் பதினஞ்சு கிலோ போயிடுச்சு."

"பெத்தவகிட்டச் சொல்ல வேணாமா?"

"அப்பா போனப்ப ஒரு வருஷம் எழுந்திருக்காமக் கிடந்தா. நீங்க பார்த்தீங்கல்ல? மே மாசம் வந்து நானே நேர்ல சொல்றேன், அண்ணா. அதுவரைக்கும் விட்டுடுங்க."

"மே மாசம் உன்னால வர முடியுமா?"

"ஞாயித்துக்கிழமை அவ, பன்னு மாதிரி இருக்கேடான்னு சொல்றப்ப எனக்கே நம்பணும்போல இருக்கு, அண்ணா" என்றான் வென்கோ.

பர்வான் சரி என்றான். வேறு என்ன சொல்வது? கோணல் படத்தைக் கோணலாகவே விட்டுவிட்டு வந்தது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை யாரோ ஒருவரின் நாற்பதாம் நாள் தாளை அச்சடித்தான், இரண்டு தடவை பெயரைத் தப்பாக அடித்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி பன்னிரண்டு அடித்தபோது கடை வாசலில் நின்று நைதா வீட்டுப் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். புகை வழக்கம்போல வந்தது. எதிர்வீட்டு நாய் அவனைப் பார்த்துக் காரணமில்லாமல் குரைத்தது.

திங்கட்கிழமை காலை கடையைத் திறக்கும்போதே நைதா நின்றிருந்தாள். பயணத்துக்குப் போடுகிற கறுப்புக் கோட்டு, காலடியில் கட்டம்போட்ட பெரிய பை. உள்ளே வந்து தகர மூடியை மேசைமேல் வைத்தாள்.

"மறந்து வச்சுட்டு வந்துட்டே."

பர்வான் மூடியை எடுக்கவில்லை.

"இதை எதுக்குத் திரையில வைப்பேன்னு எனக்குத் தெரியாதா? நேத்து நானும் வச்சுப் பார்த்தேன். கடிகாரம் மூடிக்குள்ள அடங்கல. அப்புறம் பால் பொங்குதுடான்னு சொல்லிட்டு எழுந்து அடுப்புப் பக்கம் போனேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தா முட்டை கொஞ்சம் ஒல்லியாத் தெரியுது. சரிதான்னு மூடியைக் கையில நீட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓரமா, இன்னும் ஓரமா நகர்ந்தேன். ஓரத்திலிருந்து பார்த்தா எல்லாம் ஒடுங்கும்ல? அலமாரிகிட்ட வந்ததும் கடிகாரம் வட்டமாயிடுச்சு, பர்வான். மூடியும் அதுவும் ஒண்ணாயிடுச்சு."

அவள் கைகள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

"அதுக்குக் கீழ உட்கார்ந்திருந்தது எம் புள்ள இல்ல. எம் புருஷன். கடைசி மாசத்துல இருந்த எம் புருஷன்."

"அத்தை..."

"நான் ஒண்ணும் சொல்லல. திரும்ப வந்து எதிர்ல உட்கார்ந்தேன். பன்னு மாதிரி இருக்கேடா ராசான்னு சொன்னேன். சிரிச்சான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீ வெள்ளிக்கிழமையே பார்த்துட்டே. பொய் சொல்லத் தெரியாதவன் மூடியையாவது எடுத்துட்டுப் போயிருக்கணும்டா, மடையா."

பர்வான் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

"பத்து மணிக்கு விதின்ல ஸ்பெயின் பஸ். புதன்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்துடும். தொக்கு அனுப்பி அனுப்பி விலாசம் எனக்கு மனப்பாடம். அவன்கிட்டச் சொல்லாதே. சொன்னா வேற வீட்டுக்கு ஓடிப்போய் ஒளிஞ்சாலும் ஒளிவான், அவங்க அப்பன் புத்தி." போனை எடுத்து நீட்டினாள். "இதுல இருக்கற அந்தப் படத்தை நீ எடுத்து வச்சுக்கோ."

"எதுக்கு அத்தை இப்பவே..."

"நான் தனியாத் திரும்பி வந்தா அன்னிக்கு எனக்குப் பேச வாய் வராது. அதனால இப்பவே சொல்றேன். கம்பத்துல ஒட்டுறதுக்கு இந்தப் படம்தான். இழுத்துச் சரி பண்ணாதே. குண்டாவே இருக்கட்டும். எனக்காக அவன் பண்ணிக்கிட்ட முகம் இது."

பர்வான் போனுக்குக் கம்பியைச் செருகிப் படத்தை இறக்கிக்கொண்டான். அவள் பையைச் சாலைவரை தூக்கிக்கொண்டு போய் விதின் போகும் வண்டியில் ஏற்றிவிட்டான். ஜன்னல் வழியாக அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நண்பகலில் போன் அடித்தது. வென்கோ.

"அண்ணா, நேத்து அம்மா ஒரு மாதிரி இருந்தா. நடுவுல எழுந்து போயிட்டு வந்தா. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

பர்வானுக்கு எதிரே திரையில் அந்த அகண்ட முகம் இருந்தது. அவன் கை தன்போக்கில் படத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளப் போயிற்று. கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் சொல்லல. கடிகாரம் இன்னும் முட்டையாத்தான் இருக்குன்னு திட்டினா."

வென்கோ அந்தப் பக்கம் மெதுவாகச் சிரித்தான். "அப்ப சரி. பெரிய உதவி பண்ணினீங்க, அண்ணா."

"வென்கோ."

"சொல்லுங்க."

"புதன்கிழமை காலையில நல்லா சவரம் பண்ணிக்கோ. வெளுத்த சட்டை ஒண்ணு போட்டுக்கோ."

"புதன்கிழமையா? எதுக்கு, அண்ணா?"

பர்வான் போனை வைத்துவிட்டான்.