ஆறரை மதிப்பெண்

திறக்கப்போகும் புட்டியை நெவில் பிரீஸ் முந்தின நாளிலிருந்தே தொடமாட்டார். சமையலறைக்குப் பின்னாலிருக்கும் சாமான் அறையின் கல் தரையில் அது ஒரு நாள் முழுக்க அசையாமல் நிற்கும். அங்கே வெங்காயம் எடுக்கப் போனால்கூட நான் பூனைபோல நடக்க வேண்டும். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு அதை இரண்டு கைகளாலும் எடுத்து வருவார். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, நடுவில் ஒருமுறைகூடப் புட்டியை நிமிர்த்தாமல், ஒரே ஊற்றாக ஊற்றுவார். நிமிர்த்தினால் அடியில் படிந்த ஈஸ்ட் வண்டல் கிளம்பி, உள்ளே இருக்கும் ஏல் என்ற பியரைக் கலக்கிவிடும். வண்டல் கழுத்தை நோக்கி ஊர்ந்து வரும்போது, கட்டைவிரல் அகலம் மிச்சம் வைத்து நிறுத்துவார். இரண்டு முறை முகர்வார். முதல் வாயை மட்டும் சுவர்க் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டு குடிப்பார், தன் முகத்தில் என்ன தெரிகிறது என்று கிளாஸ் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல.

ஹெரிஃபோர்ட்ஷயரில், விக்கன்ஹோப் என்ற எங்கள் சிற்றூரில், அவர் வீட்டு மாடியறையில் நான் மூன்று வருடம் குடியிருந்தேன். முப்பத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகும் எதையாவது அளக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஏல் ரசிகர் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டுப் பக்கச் சுற்றிதழ் போடும். அதில் ஏழாம் பக்கம் அவருடையது. மாதம் ஒரு வகை ஏல், பத்துக்கு ஒரு மதிப்பெண். அவர் பென்சிலில் எழுதுவதைக் கணினியில் அடித்துக் கொடுப்பது என் வேலை.

பத்தொன்பது வருடத்தில் இருநூற்றுச் சொச்சம் ஏல்களுக்கு மதிப்பெண் போட்டிருந்தார். எதுவும் ஐந்துக்குக் கீழே போனதில்லை, ஏழுக்கு மேலே ஏறியதில்லை. ஐந்து என்றால் குடிக்கலாம். ஆறு என்றால் பரவாயில்லை. ஏழு என்றால் பரவாயில்லைதான். எட்டு ஏன் போடுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

“அதைவிட நல்லதா ஒண்ணு வந்தா, அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது, தம்பி?” என்றார்.

போன வருடம் மார்ச் மாதம் சங்கத் தலைவர் கீத் மேடக்ஸ் வீட்டுக்கு வந்தார். தேநீர் முடியும்வரை வானிலை பேசினார். கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோதுதான் விஷயத்துக்கு வந்தார்.

“நெவில், உன் பக்கத்தைப் பத்திக் கடைசியா எப்போ கடிதம் வந்துச்சு?”

“ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல. ஒரு எழுத்துப் பிழை.”

“அதான். அந்த இடத்துல குறுக்கெழுத்துப் போடலாம்னு கமிட்டியில பேச்சு. நான் சொல்லல, கமிட்டி சொல்லுது.”

“கமிட்டியில நீயும் உன் மச்சானும்தானே இருக்கீங்க?”

“மச்சான் ரொம்பப் பிடிவாதம்பா. அடுத்த இதழுக்கு நாலு கடிதம் வரட்டும், பாத்துக்கலாம்.”

நெவில் அன்றிரவு சாப்பிடவில்லை. அந்த ஏழாம் பக்கத்தை எடுத்துவிட்டால் அவருக்கு வியாழக்கிழமை என்ற ஒன்றே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த இதழுக்கென்று அவர் வைத்திருந்தது பக்கத்து வீட்டு ஹிலரி யாப் தயாரித்த ஏல். ஒரே சுவரின் அந்தப் பக்கம் அவள் குடியிருந்தாள். தோட்டக் கொட்டகையில் கொதிகலன் வைத்து ஏல் காய்ச்சி, லேபிள் ஒட்டித் தபாலாபீஸ் கடையில் விற்றாள். தம்பியின் வயலில் ரசாயனம் படாமல் விளைந்த பார்லி, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவும் அதே மாதிரி. இயற்கை விவசாயச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கழிப்பறையில் மாட்டியிருந்தாள், வருகிறவர்கள் நிதானமாகப் படிக்கட்டும் என்று.

நெவிலுக்கு இரண்டு விதிகள். ஒன்று, மூன்று வியாழன், மூன்று புட்டி குடித்த பிறகே மதிப்பெண். இரண்டு, புட்டியில் லேபிள் இருக்கக் கூடாது. அழகான லேபிள் நாக்கை ஏமாற்றும் என்பார். ஹிலரியும் லேபிள் இல்லாத மூன்று புட்டிகளை வேலிக்கு மேலாகக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் வியாழன் காலண்டர் பக்கம் திரும்பியவர் திரும்பியபடியே இருந்தார். பிறகு இருமினார். எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். பல் கூசியது.

“புளிக்குதுல்ல?” என்றேன்.

“இயற்கை ஏல் நான் குடிச்சதே இல்ல, தம்பி. ஒருவேளை இப்படித்தான் இருக்குமோ என்னவோ.”

இரண்டாம் வியாழன் கிளாஸைக் காலி செய்ய முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது ஹிலரி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

“எப்படியிருக்கு, நெவில்?”

“சுவாரஸ்யமா இருக்கு, ஹிலரி.”

பக்கத்து வீட்டுக் குழந்தை வரைந்த படத்துக்கும் புது மருமகள் செய்த புட்டிங்குக்கும்தான் எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் செலவழிப்பார்கள். அவள் காது சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, “மழை வரும்போல,” என்று ஈரத்துணியையே கூடையில் திரும்பப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். வானத்தில் மேகமே இல்லை.

மூன்றாம் வியாழன் குடித்து முடித்ததும் பென்சிலை எடுத்து 3 என்று எழுதினார். பத்தொன்பது வருடத்தில் முதல் மூன்று. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இதுக்குக் கடிதம் வரும்ல?” என்றேன்.

“வரும். நாலென்ன, நாப்பது வரும். பக்கம் தப்பிச்சிடும்.” பென்சிலைக் காதில் செருகினார். “ஆனா என் வீட்டு மாற்றுச் சாவி ஹிலரிகிட்டதான் இருக்கு. போன குளிர்காலம் நான் காய்ச்சல்ல கிடந்தப்போ சூப் வச்சுக் கொடுத்தது யாரு? நீ உங்கம்மாவைப் பாக்கப் போயிருந்தே.”

அழித்துவிட்டு 6 என்று எழுதினார். சூப் வைத்துக் கொடுத்தவளுக்கு வெறும் ‘பரவாயில்லை’ போதாது என்று பட்டதோ என்னவோ, அதையும் அழித்தார். ஏழு எழுத மனசாட்சி விடவில்லை. தாள் நைந்துகொண்டு வந்தது. கடைசியில் 6½ என்று எழுதி, கீழே “எலுமிச்சையை நினைவூட்டும் புளிப்பு முன்னால் வருகிறது” என்று ஒரு வரி சேர்த்தார். அவர் அரை போட்டதே இல்லை. பொய்யை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு எண்களுக்கு நடுவில் வைத்தார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

நாலு கடிதம் கூட வராது, பக்கம் போனது போனதுதான் என்று இருந்தார்.

பதினான்கு வந்தன.

எல்லாம் அந்த அரையைப் பற்றி. அரை மதிப்பெண் அனுமதி என்றால் முந்தைய இருநூறு ஏல்களும் மறுபரிசீலனைக்கு உரியவையா என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். இன்று அரை, நாளை கால் என்று ஒரு பெண்மணி எச்சரித்திருந்தார். ஒருவர் பத்தொன்பது வருடமாக இதற்காகவே காத்திருந்ததாக எழுதியிருந்தார். ஏல் எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கீத் நேரிலேயே வந்தார். இந்த முறை தேநீருக்கு முன்பே பேசினார்.

“ஹிலரி ஏலைத் தபாலாபீஸ் கடையில வாங்கிக் குடிச்சேன்பா. நீ சொன்ன எலுமிச்சை எனக்கும் பட்டுச்சு. என் மச்சானுக்கு இன்னும் நல்லாவே பட்டுச்சாம். உன் பக்கத்தை ரெண்டு பக்கமாக்கச் சொல்லுது கமிட்டி.”

“ஒண்ணரை போதும்,” என்றார் நெவில்.

இந்த வருடம் மே மாதம் எனக்கு வேறு ஊரில் நூலக வேலை கிடைத்தது. பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஹிலரி ஒரு ஜாடி கொண்டுவந்தாள், வினிகரில் ஊறிய சின்ன வெங்காயம்.

“இதுல இருக்கிற வினிகர் உனக்குப் பழக்கமானதுதான், கண்ணு,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நெவில் உள்ளேதான் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“லேபிள் இல்லாத புட்டி கேட்டாருல்ல. கொட்டகையில லேபிள் இல்லாம இருந்தது ஒரே ஒரு பெட்டி. புளிச்சுப்போன ஏல், வினிகராகட்டும்னு ஒதுக்கி வச்சது. அதுலேருந்து எடுத்துக் கொடுத்துட்டேன். முத வியாழக்கிழமை சுவத்துக்கு இந்தப் பக்கம் அவர் இருமினது கேட்டுச்சு. அப்பதான் தெரிஞ்சது.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“குடிச்சு முடிச்ச மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? அவருக்குத்தானே சங்கடம். அடுத்த வாரம் சொல்லலாம்னு துணி போடற சாக்குல வெளிய நின்னேன். சுவாரஸ்யமா இருக்குன்னுட்டார்.” ஜாடியின் மூடியை ஒருமுறை இறுக்கினாள். “என் நல்ல ஏலை அவர் இன்னிக்குவரைக்கும் குடிச்சதில்ல. கொடுக்கவும் பயமா இருக்கு. வினிகருக்கே ஆறரை போட்டவர் அதுக்கு ஆறு போட்டுட்டார்னா, நான் எதைத் தயாரிக்கிறதை நிறுத்தறது?”