தண்ணீர் வராத குழாயின் படம்

அந்தப் படத்தை எடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை நல்லவள் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு வேலை. பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கான ஃபைலைத் தயார் செய்வது என் பொறுப்பு. நிலக்கரிச் சாம்பலில் செய்த ஃப்ளை ஆஷ் கல்லில் சுவர் எழுப்பினால் புள்ளி, மழைநீரைச் சேமித்தால் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஆதாரமாக ஒரு படம், படத்துக்குக் கீழே என் கையெழுத்து. கட்டட வேலை செய்பவர்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும் கொடுத்தால் அதற்கும் புள்ளி உண்டு.

கொடுத்தார்கள். தகரக் கூரை, நீலக் கதவு, வெளியே கைகழுவும் தொட்டி, அதன் மேல் பளபளவென்று ஒரு குழாய். குழாய்க்குப் பின்னால் பைப் மட்டும் இல்லை. அது அடுத்த வாரம் வந்துவிடும், இப்போதைக்குப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ப்ராஜெக்ட் மேனேஜர். சேக்காட்டிலிருந்து வரும் சித்தாள் அக்கா ஒருவரை நிறுத்தி, குழாய்க்குக் கீழே கையை நீட்டச் சொன்னேன். கொஞ்சம் சிரிங்கக்கா என்று வேறு சொன்னேன். பாவம், சிரித்தார். தண்ணீர் இல்லாதது தெரியாதபடி கோணம் பார்த்து எடுத்தேன். படம் அருமையாக வந்தது.

மறுநாள் அந்த நீலக் கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே டைல்ஸ் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். அடுத்த வாரம் வந்தது, போனது, பைப் வரவில்லை. அங்கே வேலை பார்த்த பெண்கள் பதினோரு பேர். இருவர் இருவராக ஏரிக்கரைப் புதர்ப் பக்கம் போவார்கள். அதற்குப் பயந்தே பாதிப் பேர் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. நான் விற்பனை அலுவலகத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து, வேண்டும்போது எழுந்து போய்வருவேன்.

ஒரு நாள் அந்த அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நீர்க்கடுப்பு, கூடவே காய்ச்சல். முகம் வற்றிப்போயிருந்தது.

"நல்லா தண்ணி குடின்றாரு டாக்டரு. குடிச்சிட்டு எங்க போறது மேடம்? நீ படம் புடிச்சியே, அந்த ரூமு இன்னா ஆச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. நேராக மேனேஜரிடம் போனேன். படம்தான் எடுத்தாகிவிட்டதே, புள்ளி வந்துவிடும், விட்டுத் தள்ளுங்கள் என்றார். திங்கட்கிழமை ஃபைல் போக வேண்டும். கழிப்பறையைத் திறக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். நீங்கள் போடாவிட்டால் இன்னொருவர் போடுவார் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொருவர் போட்டால் அந்தக் கதவு அதோடு சரி, கட்டடம் முடியும்வரை திறக்காது.

சனிக்கிழமை, வீடு வாங்க வருகிறவர்களுக்கு மாடல் ஃபிளாட்டைக் காட்டும் நாள். அங்குள்ள கழிப்பறையில் தண்ணீரை மிச்சப்படுத்தும் விசேஷக் குழாய். அதன் பெருமையை வருகிறவர்களிடம் அளப்பதும் என் வேலைதான் என்பதால் சாவி என்னிடம் இருந்தது. டீ வேளையில் பதினோரு பேரையும் கூப்பிட்டு முதல் மாடிக்கு நடந்தேன். அக்கா வாசலிலேயே தயங்கினார்.

"காலெல்லாம் சிமெண்டா கீது. உன் வேல பூடப் போவுது மேடம்."

"போனா போகட்டும். உள்ள போங்கக்கா."

வெள்ளைத் தரையெங்கும் சிமெண்ட் காலடிகள். வரவேற்பறையில் வரிசை நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு ஐடி தம்பதியை அழைத்துக்கொண்டு மேனேஜர் வந்தார். இவர்கள் யார் என்று மனைவி கேட்டார். இந்த வீட்டைக் கட்டுகிறவர்கள் என்றேன். இவர்களுக்குக் கழிப்பறை ஃபைலில் இருக்கிறது, கீழே கட்டியிருப்பதைப் பூட்டி டைல்ஸ் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

கணவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "அப்ப மழைநீர்த் தொட்டியும் ஃபைல்ல மட்டும்தானா சார்?"

மேனேஜர் அவர்களை அவசர அவசரமாக வெளியே அழைத்துப் போனார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே பிளம்பர் வந்துவிட்டார். டைல்ஸ் பெட்டிகள் வெளியே போயின, நீலக் கதவு திறந்தது, மத்தியானம் குழாயில் தண்ணீர் வந்தது. நான் கேமராவோடு ஓடி, அதே அக்காவைக் கூப்பிட்டேன். இந்த முறை அவர் என் பக்கமே பார்க்கவில்லை. முழங்கை வரை தேய்த்துக் கழுவினார், முகத்தில் வாரி வாரி அடித்துக்கொண்டார். கொஞ்சம் நில்லுங்களேன் என்றால் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. படம் மங்கலாக வந்தது. பழைய படமே பளிச்சென்று இருக்கிறது, அதையே வைக்கலாம் என்றார் மேனேஜர். பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு மங்கல் படத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் என்னைப் பூந்தமல்லியில் வேறொரு கட்டடத்துக்கு மாற்றினார்கள். தண்டனையாம். அங்கேயும் தகரக் கூரை, அங்கேயும் பளபளக்கும் குழாய். போன அன்றே, கேமராவை எடுப்பதற்கு முன்னால் குழாயைத் திறந்து பார்த்தேன். காற்றுதான் வந்தது.

மாடல் ஃபிளாட் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.