கதவு அட்டவணையின் லிங்க்

கோலா கெத்தில் என்ற ஊரின் தோட்டத்துப் புது வீடுகளில் ஒன்று, சக்கர நாற்காலியில் இருக்கும் முனியாண்டி அண்ணனுக்கு. அவர் வீட்டுக் கழிவறைக் கதவின் அகலத்தை எக்செல்லில் கூட்டியிருந்தேன். பிளானில் இருக்கும் கதவு அட்டவணை அதோடு லிங்க் ஆனது. தானாக மாறியிருக்க வேண்டும்.

இன்று போய்ப் பார்த்தால் பழைய அளவுக் கதவு. நாற்காலி நுழையவில்லை.

பிளானை முடித்து அனுப்பிய சக டிராஃப்ட்ஸ்மேனைக் கேட்டேன்.

"லிங்கை நான்தான் கட் பண்ணேன்க்கா. 'அப்டேட் பண்ணவா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு, ஒரே தொந்தரவு, கச்சாவ்லா."

"அண்ணன் எப்படி உள்ள போவாரு?"

"தூக்கிவிட ஆளுங்க இருக்காங்கல்ல."

ஒரு கிளிக் செய்ய இவருக்கு அலுப்பு.

யாரிடமாவது சக்கர நாற்காலி இரவல் கிடைக்குமா? நாளை முழுக்க இவர் அதில் உட்கார்ந்துதான் வேலை செய்யப்போகிறார். எங்கள் ஆபிஸ் கழிவறைக் கதவும் பழைய அளவுதான்.