சைரனுக்குச் சந்தா கொடுக்காதவர்

சனிக்கிழமை நண்பகல் சைரனைச் சோதித்துப் பார்க்க ஊதும்போது, வெண்டல் ஹாக்ஸ்பி காதைப் பொத்திக்கொண்டு திட்டுவார். திட்டிக்கொண்டே தன் கைக்கடிகாரத்தின் முள்ளைத் திருகிச் சரிசெய்துகொள்வார். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், எங்கள் எல்ம் ஃபோர்க் ஊரில் அவர் கடிகாரம்தான் துல்லியமானது.

எங்கள் ஊருக்கு நகராட்சி கிடையாது, வரியும் கிடையாது. வெண்டல் இங்கே குடிவந்ததே அதற்காகத்தான். சுழற்காற்று வந்தால் எச்சரிக்க, தேவாலயத்துக்குப் பக்கத்தில் கம்பத்தின் மேல் அந்தச் சைரன் நிற்கிறது. வசந்தம் பிறந்ததும் தொப்பி ஒன்றைச் சுற்றவிட்டுக் காசு சேர்த்து அதைப் பராமரிப்போம். தொப்பி வெண்டலிடம் வந்தால், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் நீட்டிவிடுவார். முனைத் தெருவிளக்கும் நாங்கள் சேர்ந்து போட்டதுதான். அந்த வெளிச்சத்தில் தன் வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். கேட்டால், "உங்க வெளிச்சம் என் வாசல்ல வந்து விழுது. நான் வாடகை கேக்கலைன்னு சந்தோஷப்படுங்க" என்பார்.

போன மார்ச்சில் சைரனின் மோட்டார் புகைந்துபோயிற்று. தேவாலயக் கூடத்தில் கூட்டம் போட்டோம். பழைய அஞ்சலகத்தை நடத்திய லொரெட்டா எழுந்து, "இந்தத் தடவையாவது கையை வெளிய எடுப்பா, வெண்டல்" என்றார்.

வெண்டல் சட்டைப்பையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: "நான் குடுக்கலைன்னா எனக்கு மட்டும் கேக்காம ஊதுவீங்களா?"

"அது எப்படிப்பா முடியும்?"

"முடியாதுல்ல? அப்புறம் நான் எதுக்குக் குடுக்கணும்?"

பன்றிப் பண்ணைக்காரர் கார்வின் தொப்பிக்கு மேலே நீட்டியிருந்த இருபது டாலர் நோட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அவன் சொல்றதும் சரியாத்தானே இருக்கு!" அன்று ஊரே சிந்திக்கத் தொடங்கியது. சிந்தித்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். தொப்பி ஏறக்குறைய காலியாகவே திரும்பி வந்தது. சைரன் ஊமையாக நின்றது. வெண்டலுக்குத்தான் கஷ்டம், மணி பார்க்க எங்கள் வீட்டுக்கு வர வேண்டியதாயிற்று.

மே மாதத்தில் ஒரு பிற்பகல். வெண்டலின் வீடு ஊரின் மேற்குக் கடைசி. வேலிக்கம்பி முறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தபோது வானம் பாசி நிறத்தில் இருந்தது. ஓடைக்கு அப்பால் ஒரு கறுப்புத் தூண் மண்ணைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தது. சுழற்காற்றுக்குப் பதுங்கும் அவருடைய நிலவறையின் கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதில் இறங்கியிருந்தால் அவர் பேசிய பேச்சுக்கும் பொருத்தமாக இருந்திருக்கும். அவரோ பிக்கப் வண்டியில் ஏறி, ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தியபடி ஊருக்குள் பாய்ந்தார்.

"எவன்டா அவன், கல்யாண ஊர்வலம் மாதிரி!" என்று திட்டவந்த லொரெட்டா வானத்தைப் பார்த்தார், வாய் மூடாமலே நிலவறைக்கு ஓடினார். நாங்களும் ஓடினோம். மதியத் தூக்கத்திலிருந்த கார்வின் உள்ளாடையோடு தெருவைக் கடந்தார். அப்புறம் காற்று வந்தது. தீவனக் கடையின் கூரை, கார்வினின் கொட்டகை, வெண்டலின் முன்வாசல் எல்லாம் போயின. ஓர் உயிரும் போகவில்லை.

ஒரு வாரத்துக்கு வெண்டல் வீட்டில், ஊரார் நன்றியோடு சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பலகாரங்களை வைக்க இடமில்லை. இரண்டாம் வாரம் அவர் வீடு வீடாகக் கிளம்பினார். ஓயாமல் அடித்ததில் ஹாரன் கருகிவிட்டதாம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் புதிது வாங்கித்தர வேண்டுமாம்.

"நான் உன்னை அடிக்கச் சொன்னேனா?" என்றார் கார்வின்.

"ஜட்டியோட ஓடினியேடா பாவி!"

"ஓடினது என் கால். அதுக்கு உனக்கு எதுக்குக் காசு?"

வெண்டலுக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் வேலியோரம் வந்து நின்று இரைந்தார்: "மனுசனுங்களா இவனுங்க? என் உசுரைக் குடுத்து ஊரைக் காப்பாத்திருக்கேன். ஓசியிலயே வாழலாம்னு பாக்கறானுங்க!"

அங்கே என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்த லொரெட்டா மெல்லக் கேட்டார்: "காசு தராதவனுக்கு மட்டும் கேக்காம அடிச்சிருக்கலாமேப்பா?"

வெண்டல் வேலிக்கம்பத்தில் உரிந்திருந்த பட்டையைக் கிள்ளி எறிந்தார். பிறகு, ஹாரன் கருகிய தன் வண்டியில் ஏறிச் சத்தமில்லாமல் போய்விட்டார்.

செப்டம்பரில் மறுபடியும் கூட்டம் கூடியது. பேச்சு அதே மோட்டார், சுற்றிவந்தது அதே தொப்பி. முதல் வரிசையில் இருந்த வெண்டல் ஒரு நோட்டை மடித்துப் போட்டுவிட்டு எழுந்தார். காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார் என்று நினைத்தோம். தொப்பி தன் வரிசையை நெருங்குவதைப் பார்த்த கார்வினுக்கும் பன்றிகளுக்குத் தீவனம் வைக்காதது திடீரென்று நினைவுக்கு வந்தது. அவரும் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார்.

அதற்குள் வெண்டல் ஒரு நாற்காலியைத் தரையில் கிறீச்சிட இழுத்துப்போய், கதவுக்குக் குறுக்கே போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.