பூனை மெத்தையின் அடித்துணி

கோட்டைப்பட்டினத்தில் முகமது இப்ராஹிமை 'விஞ்ஞானி' என்றுதான் கூப்பிடுவார்கள். அது கிண்டல் என்று அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. துபாயில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்த மனிதர், ஊர் திரும்பியதும் பூனை மெத்தை தைக்க உட்கார்ந்தார். மீன் தின்று கொழுத்து மணலில் உருளும் உள்ளூர்ப் பூனைகளுக்கு மெத்தை எதற்கு? விற்றதெல்லாம் சென்னைக்குத்தான்.

பூனை மூத்திர நாற்றத்தை இழுக்க, கரி ஏற்றிய துணி ஒன்றை மெத்தைக்குள் வைப்பார்கள். எல்லாரும் அதை மேலுறையை ஒட்டியே வைக்க, இப்ராஹிம் மட்டும் பஞ்சுக்கும் கீழே வைத்தார். ஈரத்தைப் பஞ்சு குடித்துவிடும். கரித்துணி நனையாமல் நாற்றத்தை மட்டும் பிடிக்கும். இதற்குக் காப்புரிமை கேட்டார். 'இடம் மாற்றி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். தொழில் தெரிந்த எவரும் செய்யக்கூடியதே' என்று காப்புரிமை அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். பாவம், மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மேல்முறையீட்டுக்குச் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்.

வக்கீல் வசந்த் வீட்டுக்கே வந்து கேட்டார்: "எதுக்குங்க அதை அடியில வச்சீங்க? இதுக்குப் பதில் இல்லைன்னா கேஸ் நிக்காது."

"பல மாச ஆராய்ச்சி தம்பி" என்று தொண்டையைச் செருமினார் இப்ராஹிம்.

டீ கொண்டுவந்த மனைவி நூர்நிஷாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னத்த ஆராய்ச்சி? போன்ல பேசிக்கிட்டே இவங்க தலைகீழா தச்சுப்புட்டாங்க தம்பி. தொழில் தெரிஞ்சவன் எவனாச்சும் இப்படித் தைப்பானான்னு கேட்டேன். பிரிக்கச் சோம்பல்பட்டு அங்கிட்டு மூலையில போட்டாங்க. நம்ம பூனை அதுல படுத்துச்சு. எத்தனை நாளாகியும் நாத்தமே வரலை."

வசந்த் துள்ளி எழுந்தார். "இதைத்தாங்க சொல்லணும்! தொழில் தெரிஞ்ச யாரும் வேணும்னு செய்யாத வேலை, கைதவறித்தான் வந்துச்சுன்னு."

"ஊரே சிரிக்குமே தம்பி" என்றார் இப்ராஹிம்.

"சொல்லலைன்னா காப்புரிமை கிடைக்காதுங்க."

விஞ்ஞானிப் பட்டமா, மெத்தையா? இப்ராஹிம் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் மெத்தைதான் ஜெயித்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேல்முறையீடும் ஜெயித்தது. வசந்த் தமிழில் சொன்ன தீர்ப்பு வரியை மனப்பாடம் செய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தியபடி இப்ராஹிம் வீட்டுக்குள் நுழைந்தார்.

"கேட்டுக்க நூரு. 'தொழில் தெரிந்த எவரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்.' கோர்ட்டே சொல்லிருச்சு!"

நூர்நிஷா மீன் கழுவிய கையை உதறினாள். "இதைத்தானேங்க நான் அன்னைக்கே சொன்னேன். இதைக் கேக்கவா மெட்ராஸ் வரைக்கும் போனீங்க?"