ஆறு வருடம் வாசித்த சீட்டு

எங்கள் கோயில் வாசலில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். மூடியில் கத்தியால் கீறி ஒரு வாய் வைத்திருந்தார்கள். ஜெபம் வேண்டுகிறவர்கள் தங்கள் குறையைத் தாளில் எழுதி அதற்குள் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவில் ஒருவர் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் சபை மொத்தமும் முழங்காலில் இருந்தபடி, "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்று சொல்லும். எழுபதுகளில் வாசிக்கிற அந்த வேலை என்னுடையது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மீதியைக் கடலை மடித்து வந்த தாள்களில் படித்துக்கொண்டேன். ஆனால் குரல் உண்டு. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிக்கு ஏறும் மூட்டைகளை எண்ணிச் சொல்கிற டாலி கிளார்க் நான். காற்றையும் கூச்சலையும் தாண்டி எண் கேட்க வேண்டும். அந்தத் தொண்டையைப் பார்த்துத்தான் குருவானவர் டின்னை என்னிடம் தந்தார்.

சீட்டுகளில் பேர் எழுதுவது வழக்கமில்லை. கடவுளுக்குத் தெரியும் என்பது ஒரு காரணம். ஊருக்கும் தெரியும் என்பது அதைவிடப் பெரிய காரணம். சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் எழுதுவார்கள், காலண்டர் தாளில் எழுதுவார்கள். "இந்த மாதம் மழை தள்ளிப்போக" என்று உப்பளத்துக்காரர் ஒருவர் எழுதியிருப்பார். அடுத்த சீட்டில், சொந்த ஊரான சாத்தான்குளத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த வாத்தியார், "மழை சீக்கிரம் இறங்க" என்று கேட்டிருப்பார். இரண்டுக்கும் சபை ஒரே பக்தியோடு "கேட்டருளும்" என்று சொல்லும். உப்பளத்துக்காரரும் வாத்தியாரும் ஒருவர் சீட்டுக்கு மற்றவர் சொல்வார்கள். வாசலுக்கு வந்ததும், "ஆண்டவரு என்ன செய்வாரு அண்ணாச்சி, பாவம்" என்று சிரித்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு வாரமும் கடைசியாக ஒரு சீட்டை வாசிப்பேன். "பேச்சு வராத பெண்பிள்ளைக்காக." என் மனைவியின் எழுத்து. பிள்ளை எங்களுடையது.

இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போயிற்று. காதோடு அப்போதுதான் தொடங்கியிருந்த நாலைந்து சொற்களும் போயின. அவளுக்கு மூன்று வயதானபோது முதல் சீட்டு விழுந்தது. ஒன்பது வயதிலும் விழுந்துகொண்டிருந்தது. வாசிக்கும்போது குரல் உடைந்தால் மற்றவர் சீட்டுக்கு இடைஞ்சலாகுமே என்றுதான் அதைக் கடைசியில் வைத்தேன்.

துறைமுகத்தில் எங்கள் மேஸ்திரி எங்களைப்போல் வேதக்காரர்தான், ஆனால் கத்தோலிக்கர். என்னைச் சீண்டாவிட்டால் அவருக்கு மதியச் சோறு செரிக்காது.

"ஏலே, ஒங்க ஆபீஸ்ல மனு போட்டு ஆறு வருசமாச்சு. ஃபைல் எங்கயோ அமுங்கிக் கெடக்கு. எங்க மாதாட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாரு. தாய் சொன்னா மகன் தட்டமாட்டாரு."

"ஒங்க பையன் எஸ்.எஸ்.எல்.சி. மூணாந் தடவ எழுதுதானே, அண்ணாச்சி. அது எந்த ஆபீஸ்ல கெடக்கு?"

"அது அவன் தலைக்குள்ளயே அமுங்கிக் கெடக்குல."

சிரித்துவிட்டு மூட்டைக்குத் திரும்புவேன். ஆனால் 'அமுங்கிக் கெடக்கு' என்ற அந்த வார்த்தை நாள் முழுக்கக் கூடவே வரும்.

மகளுக்கு ஒன்பது வயதான அந்த வருடம் மே மாதத்தில் வீட்டில் ஒரு சண்டை. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டு. பத்து வயது தாண்டினால் புதிதாகச் சேர்க்கமாட்டார்கள். என் மனைவி எனக்குத் தெரியாமல் மனுத்தாளை வாங்கி வந்து, என் கையெழுத்துக்காக மேசையில் வைத்திருந்தாள். நான் அதைத் தொடவில்லை. எங்கள் ஆட்களில் பலருக்கும் இருந்த எண்ணம்தான் எனக்கும்: பேச வையும் என்று கேட்டுக்கொண்டே பேசாத பிள்ளைகளின் பள்ளிக்கு அனுப்புவது, கடவுளைப் பார்த்து, 'உம்மால் ஆகாது' என்று சொல்வது போல.

"அனுப்பிட்டா, நம்பலன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரில்லா," என்றேன்.

"தெனம் ஆகாரம் தாரும்னு ஜெபிக்கிய. ஜெபிச்சிட்டு நான் உலை வைக்கேன். ஒருநாளாவது நம்பிக்கையில்லாதவளேன்னு சோத்துத் தட்டத் தள்ளியிருக்கியளா?"

அப்போதும் நான் கையெழுத்துப் போடவில்லை. மனுவைச் சேர்க்க ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மனசே சரியில்லை. கோபம் யார்மேல் என்று சொன்னால் பாவமாகப் போகும். டின்னைத் திறந்து சீட்டுகளை அடுக்கினேன். கடைசிச் சீட்டை எடுத்தேன். அதே எழுத்து, அதே மூன்று வார்த்தை. மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கேட்டது போதும், இனி கேட்கவே வேண்டாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஆராதனையில் மற்றச் சீட்டுகளை எல்லாம் வாசித்தேன். துறைமுகத்தில் வேலை, பிரசவம், கொழும்புக்குப் போன தோணி, மூட்டுவலி. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. முடித்து டின்னை மூடினேன். மூடி தட்டிய சத்தம் கேட்டது.

யாரும் எழும்பவில்லை.

குருவானவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். சபை முழங்காலிலேயே இருந்தது. கடல் காற்றில் ஜன்னல் கதவு ஒன்று அடித்துக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு நீளமாக இருந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் கரகரத்த குரல் மெதுவாக, "கர்த்தாவே…" என்று எடுத்தது. அடுத்த சொல்லில் பக்கத்துப் பாய் சேர்ந்தது. அதற்கடுத்த சொல்லில் ஆண்கள் பக்கம். மழை கேட்ட வாத்தியார், மழை வேண்டாமென்ற உப்பளத்துக்காரர், எல்லோரும். நான் வாசிக்காத சீட்டுக்கு மொத்தக் கோயிலும் பதில் சொன்னது.

அதுவரை, நான் வாசித்தால்தான் அவர்கள் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஆறு வருடமாக அவர்கள் எங்கள் பிள்ளையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். வாசிக்கும் நேரத்தில் நான் நிமிர்ந்ததே கிடையாது, கண் எப்போதும் தாளில்தான். பெண்கள் பக்கத்தின் முன்பாயில், தன் தாய்க்கு அருகே, என் மகள் முழங்காலில் இருந்தாள். கண்ணை மூடவில்லை. சுற்றியிருந்தவர்களின் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகளும் அசைந்தன. சத்தம் இல்லை. ஆனால் மற்ற வாய்கள் திறந்தபோது அவள் வாய் திறந்தது. 'கேட்டருளும்' முடிகிற இடத்தில் எல்லா உதடுகளும் மூடியபோது அவள் உதடுகளும் மூடின. ஒரு நொடி முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

டின்னைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்திலேயே முழங்கால் போட்டேன்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் மனைவியைப் பிடித்தேன். "ஏளா, அவ சொல்லுதாளே, பாத்தியா?"

"நாலு வருசமாச் சொல்லுதா."

"நாலு வருசமாவா? எதுக்குச் சொல்லுதா?"

"எல்லாச் சீட்டுக்கும்தான். அடுத்த வீட்டு மூட்டுவலிக்குச் சொல்லுதா, தோணிக்குச் சொல்லுதா, மழைக்குச் சொல்லுதா. தனக்கும் சொல்லுதா. எது யாருக்குன்னு அவளுக்கு எங்க தெரியும்? ஒங்க மண்டை தாளுக்குள்ள கெடக்கு, நீங்க எங்க பாத்திய?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, பேச்சு வந்துட்டுன்னு அந்த வாரமே எழும்பி நின்னு சாட்சி சொல்லிருவிய. அது பேச்சு இல்ல. ஆனா அது என்னமோ ஒண்ணு. அத ஒங்க வாயில போட்டு ஒடைக்க எனக்கு மனசில்ல."

பக்கத்தில் நின்ற மகள் என் சட்டையின் ஓரத்தை இழுத்து, ஐஸ்காரனைக் காட்டினாள். எந்தப் பரலோக விஷயமும் அவள் முகத்தில் இல்லை. சேமியா ஐஸ் வேண்டும், அவ்வளவுதான். வாங்கிக் கொடுத்தேன். அவள் தின்னும்போது அவளைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எங்களுக்காக வானம் திறக்கும் என்று நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே, எனக்குப் பத்தடி தள்ளி, ஊரார் குறையெல்லாம் இந்த வாய் வழியாகப் போயிருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் மனுத்தாளில் கையெழுத்துப் போட்டேன். மில்லர்புரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேரும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஒரு டீச்சர் என் மகளின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து ஏதோ சொன்னார். அதிர்வு கையில் பட்டதும் பிள்ளை கண்ணை விரித்து அவர் முகத்தைப் பார்த்தாள். எங்களை மறந்துவிட்டாள்.

பேச்சு வரவில்லை. ஒன்றிரண்டு சொற்களின் வடிவம் வந்தது, அது வீட்டாருக்குத்தான் புரியும். எழுத்து வந்தது. ஒன்றரை வருடம் கழித்து, அவள் தங்கிப் படித்த பள்ளி விடுதியிலிருந்து அவள் கைப்பட முதல் கார்டு வந்தது. பெரிய பெரிய எழுத்துகள், ஒரு வரி மேலே ஏறி மறுவரி கீழே இறங்கி. 'அப்பா. சமையல் அக்காவுக்குக் கை சுட்டு விட்டது. டின்னில் போடவும்.'

தனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரவேண்டும் என்றுகூட இல்லை.

மனைவி அந்தக் கார்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். "நாம கேட்டத ஆண்டவரு குடுக்கல," என்றாள். பிறகு, "இத நாம கேக்கவே தெரிஞ்சிருக்க மாட்டோம்லா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கார்டை அப்படியே எடுத்துப் போனேன். அன்றைக்கும் மழைக்கு ஒன்றும் மழை வேண்டாமென்று ஒன்றும் இருந்தன. எல்லாம் முடித்து, "கை சுட்டுக்கொண்ட ஒரு சகோதரிக்காக" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். அந்தச் சகோதரி யார் என்று சபையில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. எல்லா வாயும் திறந்தது.