மூன்று மோட்டார், ஒரு கிணறு

காலை ஆறு மணிக்குச் சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மெட்ராஸிலிருந்து வழி நெடுக ரகுநாதனை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்ததில் கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை.

நாட்டில் எதற்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று டில்லியில் ஓர் அட்டவணை தயாராகிக்கொண்டிருந்தது. அதில் எங்கள் மாநிலத்தின் கிணற்றுப் பாசனம் என்ற கட்டம் மட்டும் காலி. எண்பதுகளின் நடுப்பகுதி அது. விவசாய மோட்டாருக்கு மீட்டர் கிடையாது. எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதிவைப்பார் இல்லை. எனக்கு இரண்டு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ரகுநாதன் அந்தக் கட்டத்தை ஒரு மதிப்பீட்டால் நிரப்பிவிட்டான். மேலதிகாரி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். எண் சரியென்றால் டில்லிக்குப் போய் விளக்குவதும் அவன்தான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. "யாராவது நேரில் பார்த்துவிட்டு வந்தால் தேவலை" என்று அதிகாரி சொன்னதும் முதல் ஆளாகக் கை தூக்கினேன். அவன் கணக்குத் தாளில் உதாரணமாகக் குறித்திருந்த ஊரையே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏதோ பட்டியலில் கண்ணை மூடி விரல் வைத்த ஊராக இருக்கும், அங்கேயே அவனைப் பிடிக்கலாம் என்று நினைப்பு.

ஏழு மணி பஸ். நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஊருக்குள் நுழையும்போதே லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளின் சுத்தியல் சத்தம். இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு மோகனூர் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அளவுநாடாவைப் பார்த்து விசாரித்தார். மெட்ராஸிலிருந்து கிணறு பார்க்க வந்திருக்கிறேன் என்றேன்.

"கெணறு பாக்கவா மெட்ராஸ்ல இருந்து வாரீங்க? ஏனுங்க, அங்க கெணறே இல்லீங்களா?"

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஒன்பதாவது கிலோமீட்டரில் இறங்கிக்கொண்டேன்.

பத்தரை மணி. கரும்புக்கும் சோளத்துக்கும் நடுவே சதுரமாக வெட்டிய கிணறு. மேட்டில் அடுத்தடுத்து மூன்று மோட்டார் ரூம்கள், மூன்றிலும் பூட்டு. பழனியப்பன் என்ற ஐம்பது வயதுக்காரர் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தார். பங்காளிகள் மூவரும் பாகம் பிரித்தபோது நிலத்தை மூன்றாக வெட்டியாயிற்று, கிணற்றை வெட்ட முடியவில்லை. ஆளுக்கொரு மோட்டார் வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒருநாள் என்று முறை போட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்.

எனக்கு உள்ளுக்குள் மத்தளம் கொட்டியது. ரகுநாதன் மோட்டாரை எண்ணிக் குதிரைசக்தியால் பெருக்கியிருப்பான். ஒரு கிணற்றை மூன்றாக எண்ணியிருப்பான். டில்லி அவனுக்கில்லை.

"உங்க முறையில எத்தனை மணி நேரம் ஓடும்?"

"ரண்டு மணி நேரம் ஓடுனாலே பெருசுங்க."

வரப்பில் நின்ற அவருடைய பங்காளி செல்லப்பன் காதில் அது விழுந்துவிட்டது. "நாலே முக்கால் மணி நேரமுங்க. போன முறைக்கு ஆறு மணிக்குப் போட்டு, பத்தே முக்காலுக்குத்தான் நிறுத்துனான். நான் இங்கயேதான் நின்னேன்."

"அவன் மட்டும் என்னுங்க? கெணறு வத்தி, மோட்டாரு காத்து வாங்கற வரைக்கும் உடமாட்டான்" என்றார் பழனியப்பன்.

"மிச்சம் வெச்சா அடுத்த முறைக்காரனுக்குப் போயிருமல்லங்க" என்றார் செல்லப்பன், ஒளிவு மறைவில்லாமல்.

பங்காளிக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது மீட்டரைவிடத் துல்லியமாக மணி சொல்லும் என்று அன்றுதான் தெரிந்தது. கிணறு தினமும் தரை தட்டுகிறது, விடிவதற்குள் ஊறுகிறது. மோட்டார் மூன்றானால் என்ன, முப்பதானால் என்ன? ஊறுவதுதான் செலவு. எண்ண வேண்டியது கிணற்றைத்தான். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, நாடாவுடன் படியில் இறங்கினேன்.

"போன மாசம் வந்த சாரும் இப்படித்தானுங்க நாடாவப் புடிச்சுட்டு எறங்குனாரு" என்றார் பழனியப்பன் மேலிருந்து.

"எந்த சார்?"

"உங்க ஆபீஸ்தானுங்களே. ரகுநாதன்னாரு. சொந்த லீவுல வந்தாராமா. ரண்டு நாளு மோட்டார் ரூம்புலயே படுத்திருந்து, தண்ணி எத்தன படிக்கட்டு ஏறுதுன்னு எழுதீட்டுப் போனாரு."

படியிலேயே உட்கார்ந்து, பையிலிருந்த கணக்குத் தாளை எடுத்தேன். இத்தனை நாளும் அதில் ஊர்ப் பெயரையும் அடியிலிருந்த மொத்தத்தையும் மட்டும் பார்த்துப் பொருமியிருக்கிறேன். நடுவில் அவன் பொடி எழுத்தில் இருந்தது: 'மோட்டாரை எண்ணக் கூடாது. கிணறுகளும் ஒருநாள் ஊற்றும் மட்டும்.' கிணற்றின் நீள அகலத்தையும் தண்ணீர் ஏறும் படிகளின் உயரத்தையும் அளந்தேன். அவன் அளவுக்கும் என் அளவுக்கும் ஒரு சாண் வித்தியாசமில்லை.

பழனியப்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் அவருக்கும் ஆகாதுங்களா?"

"அப்படியெல்லாம் இல்லை."

"இல்ல சாமி, இந்தச் செல்லப்பன் பேர எடுத்தா எம் மூஞ்சியும் இப்படித்தானுங்க போகும்."

செல்லப்பன் சிரித்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒன்று சேர்ந்துகொண்டார்கள்.

நாலு மணிக்கு நாமக்கல்லில் சேலம் பஸ் ஏறினேன். மடியில் அறிக்கைத் தாள். பருவத்துக்குப் பருவம் ஊற்று மாறுகிறது, ஒரு கோடையாவது பார்க்க வேண்டும் என்று இழுத்தடிக்க வழியிருந்தது. அப்படி எழுதவும் ஆரம்பித்தேன், பிறகு அடித்துவிட்டேன். 'சரிபார்த்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது பஸ் சேலத்துக்குள் வந்துவிட்டது. ரகுநாதனை டில்லிக்கு ரயிலேற்றியது என் பேனாதான். அதை எழுதிய பிறகும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செல்லப்பன், தன் பங்காளி மோட்டார் போட்ட நிமிஷத்தையும் நிறுத்திய நிமிஷத்தையும் சொல்லுவார். மெட்ராஸில் ரகுநாதனும் நானும் எதிரெதிர் மேஜை. போன மாதம் அவன் நாற்காலி காலியாக இருந்தபோது, எங்கே போயிருக்கிறான் என்று ஒரு வார்த்தை நான் விசாரிக்கவில்லை. தொலைந்தான் என்று சந்தோஷமாக இருந்துவிட்டேன்.